நடையா, ஜிம்மா, கிரவுண்டா, சைக்கிளா? மனம் வராத நாளை வைத்து ஓர் ஒப்பீடு

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "கிளினிக்கில் பிரஷர் கூட என்று சொல்லி, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலமாவது நடக்கச் சொன்னார்கள். மூன்று தரம் தொடங்கிவிட்டேன். மூன்று தரமும் மூன்றாவது கிழமையோடு நின்றுவிட்டது. திரும்பவும் நடையைத் தொடங்கவா, ஜிம்மில் சேரவா, வீட்டிலேயே போனைப் பார்த்துச் செய்யவா?" இரண்டு நாள் கழித்து கிளிநொச்சியில் என்னோடு வேலை செய்யும் ஒருவரும் கிட்டத்தட்ட இதையே கேட்டார். "ஆசை இருக்கு அண்ணை, மனம்தான் வருதில்லை" என்றார்.

இப்படிக் கேட்பவர்கள் எல்லாரும் எந்த உடற்பயிற்சி நல்லது என்றுதான் தொடங்குகிறார்கள். நடை, சைக்கிள், வொலிபோல், பாரம் தூக்குவது எல்லாமே உடம்புக்கு நல்லவை. மனம் உற்சாகமாக இருக்கும் நாளில் எதைத் தெரிவு செய்தாலும் செய்துவிடுவோம். வேலை முடிந்து களைத்துப் போய், வெயிலும் புழுக்கமுமாக, "நாளைக்குப் பார்ப்போம்" என்று வாய் தானாகச் சொல்லும் நாள் ஒன்று வரும். அந்த நாளில் எது நம்மைப் படலைக்கு வெளியே கொண்டுபோகும்? நான் இந்த ஒப்பீட்டைச் செய்வது அந்த நாளை வைத்துத்தான்.

## எதை வைத்து அளப்பது

முதலில், நினைப்புக்கும் தொடக்கத்துக்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது என்று பாருங்கள். உடுப்பு மாற்ற வேண்டும், சப்பாத்துத் தேட வேண்டும், பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் "இன்றைக்கு விடுவோம்" என்று சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது. அடுத்தது, நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறதா என்பது. மூன்றாவது வன்னியின் பருவங்கள்: பங்குனியில் தொடங்கியது சோழகக் காற்றையும் கார்த்திகை மழையையும் தாண்டி நிற்குமா? நான்காவது செலவு. அதில் காசுக் கணக்கை எல்லாரும் பார்க்கிறார்கள். நேரமும் ஊர்க்கதையும் வீட்டு வேலையும் கணக்கில் வருவதில்லை.

கடைசியாக, உடம்புக்கு என்ன சேர்கிறது. வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல். அதோடு கிழமையில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுக் கொடுக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும். மிதமானது என்றால், கதைக்க முடியும், ஆனால் பாட்டுப் பாட மூச்சுக் காணாது, அந்த அளவு. இதில் வயல் வேலையும் வீட்டு வேலையும் பயணமும் சேரும். ஆனால் உழவு மெசினும் வெட்டு மெசினும் வந்த பிறகு, "வயலுக்குள் நிற்கிறேன், எனக்கு எதற்கு எக்ஸசைஸ்" என்று சொல்பவர்களில் பலர் வரம்பில் நின்று பார்ப்பவர்கள்தான். அவர்கள் கொஞ்சம் மனம் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலே தெரிந்துகொள்வது நல்லது. மனம் எவ்வளவு காலம் முரண்டு பிடிக்கும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரை 12 கிழமை கவனித்து, 2010இல் ஓர் ஆய்வை அச்சிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. மூன்றாவது கிழமையில் விட்டவர் பாதி வழிகூடப் போகவில்லை என்று அர்த்தம். அவரிடம் குறை ஒன்றும் இல்லை, காலம்தான் போதவில்லை. அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் தவறுவது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்றும் கண்டார்கள். ஒரு நாள் விட்டதால் எல்லாம் போச்சு என்று கையைக் கழுவுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## குளக்கட்டு நடை

வன்னியில் குளம் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் மாதிரிப் பெருங்குளம் பக்கத்தில் இல்லாவிட்டாலும் ஊர்க்குளம் ஒன்று இருக்கும், அதற்கு ஒரு கட்டும் இருக்கும். விடிய நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. காசு தேவையில்லை. ஒரு சோடிச் சப்பாத்துப் போதும்.

அப்படியிருந்தும் நடைதான் அதிகம் பேர் தொடங்கி அதிகம் பேர் விடுவது. தனியாக நடப்பவரை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். என் மனைவி தனியாக நடந்த காலத்தில் ஒரு மாதம் தாண்டியதில்லை. பிறகு அடுத்த வளவு அக்காவோடு சேர்ந்தார். விடிய ஐந்து மணிக்குப் படலையில் இரண்டு தட்டு. "பிள்ளை, வெளிக்கிட்டாச்சோ?" அவ்வளவுதான். டோர்ச்சும் நாய்க்கு ஒரு தடியுமாக இரண்டு பேரும் போவார்கள். கட்டின் கலிங்குப் பக்கம் போய்த் திரும்பும்போது கிழக்கு வெளுத்து, கொக்குகள் தண்ணிக்குள் இறங்கியிருக்கும்.

ஒரு நாள் அக்காவின் ஆட்டுக்குட்டி எங்கள் கத்தரிக்குள் வந்ததில் பின்னேரம் கதை வளர்ந்து, இரண்டு பேரும் முகம் கொடுக்காமல் போய்விட்டார்கள். அடுத்த நாள் படலை தட்டுப்படாது என்றுதான் படுத்திருந்தேன். ஐந்து மணிக்குத் தட்டுப்பட்டது. ஆட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் நடந்துவிட்டு வந்தார்கள். இப்போது இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அந்த இரண்டு தட்டைவிடப் பெரிய ஊக்கம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

மறைவான செலவுகள் உண்டு. பெண் தனியாக நடந்தால் "எங்கே விடியப்புறத்தில்?" என்று கேட்கும் ஊர் இன்னும் எங்கள் ஊர்தான், இரண்டு பேராகப் போனால் அந்தக் கேள்வி பாதியாகிவிடும். காலைச் சமையல் நேரத்தில் அரை மணித்தியாலத்தை வீட்டில் யாராவது கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிட்டுக்குத் தேங்காய் திருவுவதும் பிள்ளைகளை எழுப்புவதும் என் வேலையாகின. அது நடக்காமல் "நீ நடக்கத் தொடங்கு" என்று மனைவிக்குப் புத்தி சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அப்புறம் பாம்பு, தெருநாய், குளக்கரையில் முதலை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டோரங்களில் யானை. அப்படியான ஊர்களில் நிலம் வெளுத்த பிறகே இறங்குங்கள். கண்ணிவெடிப் பலகை நிற்கும் பக்கம் சுருக்குவழி தேடக் கூடாது. ஆட்கள் போய்வரும் பாதையை விட்டு விலகவே வேண்டாம்.

நடையால் தசை வலு பெரிதாக ஏறாது. அதற்கு வேறாக ஏதாவது சேர்க்க வேண்டும்.

## ஜிம்

இதில் என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். ஒருமுறை மூன்று மாதக் காசை முற்பணமாகக் கட்டிச் சேர்ந்தேன். காசு கட்டினால் மனம் தானாக வரும் என்று நம்பினேன். முதல் மாதம் ஒன்பது நாள் போனேன், இரண்டாம் மாதம் இரண்டு நாள். மூன்றாம் மாதம் அந்தத் தெருவால் போவதையே தவிர்த்தேன்.

இது எனக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை. அமெரிக்காவில் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிக்க மால்மெண்டியரும் ஜிம் அங்கத்தவர்களின் வரவுக் கணக்கை எடுத்துப் பார்த்து 2006இல் எழுதினார்கள். மாதம் 70 டொலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டொலருக்கு மேல் விழுந்தது. 10 தடவைக்கான சீட்டை எடுத்திருந்தால் தடவைக்கு 10 டொலரோடு முடிந்திருக்கும். சேரும் நாளில் நாங்கள் நம்புவது வேறு, களைத்த நாளில் நடப்பது வேறு. ஆகையால் சேருவதென்றால் நாள் கணக்கில், இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். மாத முடிவில் கட்டிய காசைப் போன நாட்களால் பிரித்துப் பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு அடுத்த மாதத்தைத் தீர்மானிக்கலாம்.

ஜிம்மின் பக்கத்தில் சொல்ல நிறைய உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் அது நிற்காது. நாற்பது தாண்டியவர்களுக்குத் தசை கரைவதைத் தடுக்கும் வேலையை இந்தப் பட்டியலில் அதுதான் நன்றாகச் செய்கிறது. நல்ல பயிற்றுநர் இருந்தால் நாரி பிடிக்காமல் பாரம் தூக்கப் பழக்குவார். மறைவான செலவு தூரம். வன்னியில் ஜிம் என்றால் ரவுணில்தான். கிராமத்திலிருந்து போய்வரப் பெற்றோலும் முக்கால் மணித்தியாலமும் போய்விடும். தட்டில் அடுக்கியிருக்கும் புரதப் பவுடர் டப்பாக்களும் ஆசை காட்டும். கடலையும் பயறும் முட்டையும் மீனும் கிடைக்கும் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அவை தேவையே இல்லை.

வேலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே ஜிம் இருந்தால், அல்லது ஏற்கனவே ஏதோ ஒரு பயிற்சி மூன்று மாதம் நிலைத்துவிட்டதென்றால், சேரலாம். பழக்கத்தை உண்டாக்குவதற்கு ஜிம்மை நம்பாதீர்கள். இருக்கிற பழக்கத்தை வளர்க்க அது உதவும்.

## கிரவுண்ட்

வொலிபோல் 1991இலிருந்து இலங்கையின் தேசிய விளையாட்டு. வன்னிக் கழகங்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு தூண், ஒரு வலை, ஒரு பந்து இருந்தால் பின்னேரம் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். இங்கே மனத்தைப் பற்றிய கேள்வியே எழாது. பதினொரு பேர் நிற்கும்போது பன்னிரண்டாவது ஆளின் போன் அடிக்கத் தொடங்கும், எடுக்கும் வரை அடிக்கும். வியர்க்க வேண்டும் என்று யாரும் வருவதில்லை, விளையாட வருகிறார்கள். உடற்பயிற்சி கூடவே நடந்துவிடுகிறது. ஆள் இழுக்கும் பலத்தில் இதற்கு ஈடு இல்லை.

ஆனால் அது பெரும்பாலும் இளம் பொடியன்களின் உலகம். முப்பத்தைந்து தாண்டி, பத்து வருடம் விளையாடாமல் இருந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று பாய்பவருக்குக் கணுக்காலும் முழங்காலும் பழி வாங்கும். அப்படித் திரும்புபவர்கள் முதல் ஒரு மாதம் நடந்து, மெல்ல ஓடி உடம்பைத் தயார் செய்துவிட்டு வர வேண்டும். கழகம் என்றால் சுற்றுப்போட்டி, பணச் சேர்ப்பு, கூட்டம் என்று நேரமும் கேட்கும்.

எனக்கு மனவருத்தம் தருவது பெண்களின் நிலை. பாடசாலையில் வலைப்பந்தில் மாவட்டம் வரை போன பிள்ளைகள் எத்தனை பேர்! கலியாணத்தோடு அந்தக் கால்கள் மைதானத்தையே காண்பதில்லை. மாதர் சங்கங்கள் கிழமையில் இரண்டு பின்னேரம் ஒரு பந்தை எடுத்து வைத்தால் எவ்வளவு மாறும் என்று நினைக்கிறேன். போரில் கால் இழந்தவர்கள் வாழும் எங்கள் ஊர்களில், நிலத்தில் இருந்துகொண்டு விளையாடும் வொலிபோலும் பரவ வேண்டும். வலை தாழ்வாக இருக்கும், ஆடுபவர்கள் நிலத்தில் இருந்தபடியே நகர்ந்து ஆடுவார்கள். 1980இலிருந்தே அது பராலிம்பிக்கில் இருக்கிறது. அதற்கு வேண்டியது மட்டமான தரையும் வலையும் பந்தும்தான்.

## சைக்கிள்

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னி சைக்கிளில் ஓடியது. விறகு, நெல் மூட்டை, வருத்தக்காரர், பாடசாலைப் பிள்ளைகள் எல்லாரும் சைக்கிளில்தான். அப்பா எழுபது தாண்டியும் ஒழுங்கையில் சைக்கிள் ஓடினார். அவருக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது நாங்கள் எல்லாரும் பழைய சைக்கிளைத் தூசு தட்டினோம். வரிசை முடிந்ததும் திரும்பவும் சுவரோடு சாத்திவிட்டோம்.

நான் மட்டும் சாத்தவில்லை. என் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு 5 கிலோமீற்றர். ஆறுதலாக மிதித்தால் 20 நிமிடம், திரும்பி வர 20 நிமிடம். கிழமைக்கு ஐந்து நாளென்றால் 200 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் குறைந்தது கேட்கும் 150 நிமிடத்தை இது தாண்டிவிடுகிறது, அதற்கென்று தனியாக ஒரு வேளை ஒதுக்காமலே. மோட்டார் சைக்கிளில் போனாலும் போக வர 20 நிமிடம் செலவாகத்தான் போகிறது. கூடுதலாகக் கொடுப்பது இன்னுமொரு 20 நிமிடம்.

மனம் வராத நாளிலும் இது நடப்பதற்குக் காரணம், வேலைக்கு எப்படியும் போயே ஆக வேண்டும். போன பிறகு சைக்கிளை விட்டுவிட்டு வீட்டுக்கு வரவும் முடியாது. தீர்மானம் எடுக்க வேண்டியது காலையில் ஒரே ஒரு தடவை. அந்த ஒன்றையும் எளிதாக்க நான் ஒரு வேலை செய்கிறேன்: மோட்டார் சைக்கிள் திறப்பை ஞாயிறு இரவே அம்மாவின் அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். அம்மா ஐந்தரைக்குக் கோயிலுக்குப் போய்விடுவார், அலுமாரியைப் பூட்டிவிட்டு.

செலவுகளைச் சொல்கிறேன். வியர்வைக்கு இன்னொரு சேட்டு வேண்டும். நான் மூன்று சேட்டை அலுவலக லாச்சிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். "மோட்டார் சைக்கிளை வித்துப்போட்டீரோ?" என்று முதல் மாதம் பத்துப் பேராவது கேட்டார்கள். இரண்டாவது மாதம் ஒருவரும் கேட்கவில்லை. சோழகம் அடிக்கும்போது எதிர்க்காற்றில் மிதிப்பது உண்மையிலேயே கடினம். ஏ9 வீதியில் பஸ்ஸும் லொறியும் காது உரசிப் போகும். இருட்டினால் மாடுகள் தாரிலேயே படுத்திருக்கும். உள்வீதி இருந்தால் கொஞ்சம் சுற்றென்றாலும் அதால் போங்கள். முன்னுக்கு லைட்டும் பின்னுக்குச் சிவப்பும் இல்லாமல் ஆறு மணிக்குப் பிறகு ஓட வேண்டாம். வேலையிடம் 10 கிலோமீற்றருக்கு மேலென்றால் இதை உங்களுக்குச் சொல்லமாட்டேன். சந்தைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளலாம்.

## வீட்டில் போனைப் பார்த்து

படிகள் குறைவு, ஊர்க்கதை இல்லை, மழை தடுக்காது. கைக்குழந்தை உள்ள தாய்க்கும், நடக்க முடியாத பெரியவரைப் பார்ப்பவருக்கும் இதை விட்டால் வழி இல்லை. கதிரையில் இருந்து எழும்பி இருப்பது, சுவரைப் பிடித்துத் தள்ளுவது போன்றவை தசைக்கும் நல்லவை. ஆனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். போனைக் கையில் எடுத்தால் பயிற்சிக்கு முன்னம் வட்ஸ்அப் வந்துவிடும். தனியாக இதை மட்டும் நம்பி நிலைத்தவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்தில் குறைவு. வேறொன்றுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

## பருவம் மாறும்போது

| | மழை (ஐப்பசி–மார்கழி) | காலபோக நெல் வெட்டு (தை–மாசி) | சோழகம் (வைகாசி–ஆவணி) |
|---|---|---|---|
| குளக்கட்டு நடை | கட்டு சறுக்கும். தார் வீதிக்கு மாற வேண்டும் | விடியப்புறம் குளிர், ஆனால் நடக்கலாம் | ஆறு மணிக்குள் முடித்தால் சுகம் |
| ஜிம் | தடை இல்லை | வயல்காரருக்கு நேரம் இல்லை | புழுக்கம் |
| கிரவுண்ட் | தண்ணி நிற்கும் | ஆள் சேராது | பின்னேரக் காற்றில் பந்து நிற்காது, ஆனாலும் ஆடுவார்கள் |
| சைக்கிள் | மழைக்கோட்டு வேண்டும். அடைமழையில் நிற்கும் | நன்றாக ஓடும் | ஒரு வழி எதிர்க்காற்று |
| வீடு | தடை இல்லை | தடை இல்லை | தடை இல்லை |

ஐப்பசி பிறக்கும்போதே "மழையில் என் மாற்று எது" என்று ஒன்றைத் தீர்மானித்து வைக்காதவர்கள்தான் தை பிறக்கும்போது திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

## யாருக்கு எது

5 கிலோமீற்றருக்குள் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளைத் தெரிவு செய்யுங்கள். இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். முப்பதுக்கு உட்பட்ட பொடியன்களுக்குக் கிரவுண்ட். வீட்டோடு நிற்கும் பெண்களுக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும் இன்னொருவரோடு நடை. உடம்பு ஏற்கனவே பழகிவிட்டது, வலு வேண்டும் என்பவர்களுக்கு ஜிம். இவற்றில் எதைத் தெரிவு செய்தாலும் கிழமையில் இரண்டு நாள் பத்து நிமிடம் வீட்டுப் பயிற்சியை ஒட்டிவிடுங்கள்.

சீனி வருத்தத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், தொடங்க முன் கிளினிக்கில் கேளுங்கள். சில மருந்துகளோடு வெறும் வயிற்றில் நடந்தால் சீனி சட்டென்று இறங்கலாம். மடியில் இரண்டு ரொபி இருக்கட்டும். காலில் விறைப்பு உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நெஞ்சு இறுகினால், கை உளைந்தால், அந்த இடத்திலேயே நின்று ஆளைக் கூப்பிடுங்கள்.

அந்த ஆசிரியைக்கு நான் சொன்னது இது. இங்கிலாந்தில் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சியின் நன்மைகளை நன்றாக விளக்கினார்கள். அடுத்த கிழமை 35 சதவீதம் பேர்தான் ஒரு தரமாவது செய்தார்கள். ஒன்றும் சொல்லப்படாதவர்களிலும் 38 சதவீதம் பேர் செய்திருந்தார்கள். விளக்கத்தோடு எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதிக் கொடுத்தவர்களில் 91 சதவீதம் பேர் செய்தார்கள். உங்களுக்குப் பிரஷர் பற்றி இனி யாரும் விளக்கத் தேவையில்லை ரீச்சர், அது உங்களுக்குத் தெரியும். ஒரு துண்டில் நாளையும் மணியையும் இடத்தையும் எழுதுங்கள். எழுதிவிட்டு உங்கள் வளவுக்குப் பக்கத்தில் யார் நடக்க வருவார் என்று யோசியுங்கள்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாடசாலையில் கூடப் படிப்பிக்கும் ஒருவர் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார் என்றார். அவருக்கும் சீனி இருக்கிறதாம். "நான் கேட்டால் வருவா. ஆனால் இதுவரைக்கும் கேட்டதில்லை."

இன்றைக்குப் பின்னேரமே போய்க் கேளுங்கள் என்றேன்.